கடற்கரையோடு நிற்கக் கூடாத தடம்

இரண்டு குறுந்தடங்கள் ஒரே நிலையத்தில் வந்து முடிகின்றன. ஒன்றில் வந்த வண்டி அங்கே திரும்பாமல் மற்றதன் வழியே போய்விட்டால் இரண்டும் ஒரு தடமாகிவிடுகின்றன. நகர ரயிலில் தட இணைப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். புதிய சுரங்கமோ பாலமோ சில இடங்களில் தேவைப்படும். அங்கும் பொதுவாக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது. கிடைக்கும் பலனோ அந்த நீளத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிது.

காரணம் முனைய நிலையத்தில் இருக்கிறது. மின்சார வண்டி ஒன்று முனையத்துக்கு வந்தால் பயணிகள் இறங்க வேண்டும், ஓட்டுநர் ஒரு முனை அறையைப் பூட்டிவிட்டு மறுமுனை அறைக்குப் போக வேண்டும், எதிரே வரும் வண்டி பாயின்ட்டைக் கடந்து வழிவிட வேண்டும், பிறகுதான் சிக்னல். அத்தனை நேரமும் நடைமேடை அடைபட்டுக் கிடக்கும். நேராகப் போகிற வண்டி அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இடத்தைக் காலி செய்துவிடும். பயணிக்கு இன்னொரு கணக்கு உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும், மாடிப்படி ஏறி இறங்கி அடுத்த வண்டிக்காக நிற்கும் பத்து நிமிடமும் அவருக்கு ஒன்றல்ல. போக்குவரத்துத் திட்டமிடுவோரும் காத்திருப்பு நேரத்தைப் பயண நேரத்தைவிடக் கூடுதலாகவே எடைபோடுகிறார்கள். வண்டி மாற வேண்டும் என்பதற்காகவே பேருந்தையோ இருசக்கர வாகனத்தையோ நாடுவோர் எந்த நகரத்திலும் உண்டு.

சென்னையில் இப்படிப்பட்ட இணைப்பு நடந்த இடம் கடற்கரை நிலையம். வடக்கிலிருந்து ராயபுரம் வழியாக அங்கே வந்து சேர்வது மேற்குப் புறநகர்த் தடம். தெற்கே கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை என்று கிளம்பிப்போவது வேளச்சேரிக்கான பறக்கும் ரயில். இரண்டும் அகலப் பாதை. இரண்டுக்கும் ஒரே வகை மேல்நிலை மின்கம்பி. நிலையம் வடக்குத் தெற்காகப் படுத்திருப்பதால் ஒருபுறம் நுழைந்த வண்டி திசை மாறாமல் மறுபுறம் வெளியேறலாம். தட இணைப்புக்கு இவ்வளவு வசதியான இடம் பல பெரிய நகரங்களுக்கு வாய்ப்பதில்லை. அங்கெல்லாம் கோடிக்கணக்கில் கொட்டிச் செய்ததை இங்கே ஒரு கால அட்டவணையே செய்துவிடக்கூடும்.

வயதில் மட்டும் இரண்டு தடங்களுக்கும் வெகுதூரம். மேற்குத் தடம் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து, அப்போது ஆர்க்காடு நிலையம் எனப்பட்ட வாலாஜா சாலை வரை வண்டி ஓடத் தொடங்கியது. மின்சாரம் 1979-இல் திருவள்ளூர் வரையும் 1982-இல் அரக்கோணம் வரையும் வந்தது. பறக்கும் ரயிலின் முதல் பகுதி, கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை, 1995 நவம்பரில் திறந்தது. 1997-இல் திருமயிலை, 2004-இல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி என்று அது தவணை தவணையாக நீண்டு ஏறக்குறைய 19 கி.மீ. ஆனது. தனியே பார்த்தால் இது குறுந்தடந்தான். வடமுனையில் துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகப் பகுதி. தென்முனையில், தடம் வந்து சேர்ந்தபோது இன்னும் முழுதாக வளராத புறநகர். பறக்கும் ரயிலில் கூட்டமில்லை என்ற புகார் தொடக்கம் முதலே இருந்தது. பெரிய கூடுகளாக எழுந்த நிலையக் கட்டடங்கள் வெறிச்சோடிக் கிடந்ததையும் அந்தப் புகாரோடு சேர்த்தே பேசுவது வழக்கம். அதன் வடமுனை சரியான இடத்தில் முடியவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அந்த வடமுனைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதைத் திருவாலங்காட்டிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபையும், காரைக்கால் அம்மையார் நினைவும், 1905-இல் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகளும் இந்த ஊரைத் தமிழறிந்தோருக்கெல்லாம் பழக்கப்படுத்தியிருக்கின்றன. ரயில் கணக்கில் அது மணவூருக்கும் மோசூருக்கும் நடுவே உள்ள சிறு நிலையம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ.; கோயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. ஆலையையும் வயலையும் விட்டால் பிழைப்புக்கு அரக்கோணம் பக்கமோ சென்னைப் பக்கமோ ‘யூனிட்’ ஏற வேண்டும். மின்சார வண்டிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

ஒரு தலைமுறைக்கு முன் அந்த யூனிட் போய்ச் சேர வேண்டிய இடங்கள் தடத்தின் மேலேயே இருந்தன: ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, கடைசியில் சென்ட்ரலைச் சுற்றிய மொத்த வணிகம். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின் வேலை தெற்கே நகர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. அங்கே கணினி முன் உட்காருவோரில் பலர் நகருக்குள் வாடகைக்கு இடம்பிடித்துக்கொள்ள முடியும். அந்தக் கட்டடங்களைக் காவல் காப்போர், துப்புரவு செய்வோர், உணவகங்களில் சமைப்போர், இரவுப் பணிக்கு மின்தூக்கியையும் குளிர்சாதனத்தையும் பார்த்துக்கொள்வோருக்கு அது கட்டுப்படியாகாது. திருவள்ளூருக்கு மேற்கே வாடகை குறைவு. சீசன் டிக்கெட் மலிவு. தூரத்தை அவர்கள் பணத்துக்குப் பதிலாக நேரத்தில் செலுத்துகிறார்கள்.

அந்த நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்தால் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். மேற்குத் தட வண்டிகளில் பெரும்பகுதி அங்கேதான் முடிகின்றன. அது முட்டுச் சந்து முனையம். வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. தரமணிக்குப் போக வேண்டியவர் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து, பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போய், அங்கே அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மழை நாளில் மூட்டை முடிச்சோடு இதைச் செய்துபார்த்தால்தான் அந்த நானூறு ஐந்நூறு அடிகள் எவ்வளவு நீளம் என்று தெரியும். வியாசர்பாடி ஜீவாவில் பிரிந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்கு வரும் வண்டி இந்த நடையை இல்லாமல் செய்துவிடுகிறது. அது கடற்கரையில் நிற்காமல் வேளச்சேரிக்கே போனால் மாற்றமே தேவையில்லை.

அப்படி வண்டிகள் ஓடவும் செய்தன. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்து வண்டிகள் சில கடற்கரையைத் தாண்டி வேளச்சேரி வரை போய்வந்தன. பறக்கும் ரயிலையும் மேற்குத் தடத்தையும் ஒரு தடமாக்கும் முயற்சி அதுதான். ஆனால் அதற்கென்று பெயரோ நிறமோ வரைபடத்தில் ஒரு கோடோ கிடைக்கவில்லை. அட்டவணையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததால், நாள்தோறும் போய்வருவோருக்கு மட்டுமே அந்த வண்டிகளின் நேரம் தெரிந்திருந்தது. தெற்கு ரயில்வே தான் செய்த நல்ல வேலையைத் தானே விளம்பரப்படுத்தாமல் விட்டது என்று சொல்லலாம்.

அந்த வண்டிகள் குறைவாகவே இருந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மேற்குத் தடத்தில் பன்னிரண்டு பெட்டி வண்டிகள் வழக்கமாயின. வேளச்சேரித் தடத்தில் ஓடியவை ஒன்பது பெட்டி வண்டிகள். இரண்டையும் இணைத்தால் நீளம் குறைந்த தடமே வண்டியின் நீளத்தை நிர்ணயிக்கும். காலை ஏழு மணிக்குத் திருநின்றவூரில் ஏறுவோருக்கு மூன்று பெட்டி குறைந்த வண்டி வந்து நின்றால் அது சலுகையாகத் தோன்றாது. பேசின் பாலம் சுற்றுவட்டாரத்தில் விரைவு வண்டி, சரக்கு வண்டி, புறநகர் வண்டி எல்லாம் ஒன்றுக்கொன்று வழிகேட்டு நிற்கும். அங்கே ஏற்பட்ட பத்து நிமிடத் தாமதம் இணைந்த தடத்தில் அப்படியே மயிலாப்பூருக்கும் போய்ச் சேரும். தனித்தனியாக இருந்தால் ஒன்றின் நோய் மற்றதுக்கு ஒட்டாது. தட இணைப்பை எதிர்க்கும் இயக்கப் பிரிவினரின் வாதத்தில் உண்மையுள்ள பகுதி இதுதான்.

இதே சிக்கலோடு நியூயார்க் சுரங்க ரயில் 2010-இல் ஓர் இணைப்பைச் செய்தது. பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்குப் பணத் தட்டுப்பாடு. செலவைக் குறைக்க ‘வி’ தடத்தை நிறுத்த வேண்டியிருந்தது. குயின்ஸிலிருந்து மன்ஹாட்டனின் நடுப்பகுதி வழியாக வந்து இரண்டாம் அவென்யூவில் முடிந்த தடம் அது. புரூக்ளினின் வடபகுதியிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த ‘எம்’ தடம் அதற்கு மிக அருகில் எஸ்செக்ஸ் தெருவுக்கு வந்து தெற்கே திரும்பியது. இரண்டுக்கும் நடுவே 1967-இல் போட்ட ஓர் இணைப்புப் பாதை, 1976-க்குப் பிறகு பயணி வண்டி எதுவும் முறையாக ஓடாமல் கிடந்தது. ‘வி’யை எடுத்துவிட்டு, ‘எம்’மை அந்தப் பாதையில் வடக்கே திருப்பிவிட்டார்கள். 2010 ஜூன் இறுதியில் புதிய தடம் ஓடியது. புஷ்விக், ரிட்ஜ்வுட் பகுதிவாசிகளுக்கு நடு மன்ஹாட்டனுக்கு நேரடி வண்டி கிடைத்தது. சேவையை வெட்டும் அறிவிப்பிலேயே சேவை கூடிய அபூர்வம் இது.

பெட்டிக் கணக்கு அங்கேயும் வந்தது. ‘எம்’ தடத்தின் பழைய மேல்மட்ட நிலையங்களில் எட்டுப் பெட்டிக்கு மேல் இடமில்லை. குயின்ஸ் பக்கத்து நடைமேடைகள் அதைவிட நீளம். நீண்ட நடைமேடையில் குட்டை வண்டி வந்து நின்றது. பயணிகள் நடுவே கூடி நிற்கப் பழகிக்கொண்டார்கள். அதே பாதையில் முழுநீள வண்டிகள் ஓடும் வேறு தடங்களும் இருந்ததால் மொத்தக் கொள்ளளவு பெரிதாக அடிபடவில்லை. சென்னைக்குப் பாடம் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மேற்குத் தடத்தின் எல்லா வண்டிகளையும் வேளச்சேரிக்கு விட வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் பன்னிரண்டு பெட்டி வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே, நடுநடுவே ஒன்பது பெட்டி வண்டி வேளச்சேரிக்குப் போகலாம். நியூயார்க்கில் எல்லோரும் வென்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ‘எம்’மில் தெற்கு மன்ஹாட்டன் நிதிப் பகுதிக்கு நேரே போனவர்கள் அதன்பின் வண்டி மாற வேண்டியதாயிற்று.

இலண்டனின் நார்தர்ன் தடம் இன்னும் கடினமான இணைப்பு. 1890-இல் திறந்த சிட்டி அண்டு சவுத் இலண்டன் ரயில்வே, ஆழத்தில் ஓடிய முதல் மின்சாரச் சுரங்க ரயில். குகையின் விட்டம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டியது. 1907-இல் திறந்த ஹாம்ஸ்டெட் தடம் அதைவிட அகலம். ஒன்றின் வண்டி மற்றதில் நுழையாது. 1922-இல் தொடங்கிப் பழைய குகை முழுவதையும் அறுத்து அகலப்படுத்தினார்கள். 1924-இல் கேம்டன் டவுனிலும் 1926-இல் கென்னிங்டனிலும் இரண்டு தடங்களும் சேர்ந்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதே தடத்தை மீண்டும் இரண்டாகப் பிரித்தால் வண்டிகளை இன்னும் நெருக்கமாக விடலாம் என்று இலண்டன் போக்குவரத்து நிறுவனம் கருதுகிறது. கிளைகள் சந்திக்கும் கேம்டன் டவுனில் ஒரு வண்டி இன்னொன்றுக்காகக் காத்திருப்பதே அதற்குக் காரணம். பிரித்தால் அந்த நிலையத்தில் வண்டி மாறும் கூட்டத்தைத் தாங்க முதலில் நிலையத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். அதற்கான பணம் கிடைக்காமல் திட்டம் நிற்கிறது. வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற நிலையை எட்டிய நகரத்தின் கவலை அது. கால் மணிக்கு ஒரு வண்டியே பெரிது என்றிருக்கும் தடத்துக்கு அந்தக் கவலை வர இன்னும் வெகுகாலம் ஆகும்.

இந்தியாவில் இரண்டு துண்டுகள் ஒன்றான கதை மிகுந்த பாடுபட்டு நடந்தது கொல்கத்தாவில். கிழக்கு மேற்கு மெட்ரோவின் கிழக்குத் துண்டு 2020 பிப்ரவரியில் சால்ட் லேக்கில் தொடங்கி, 2022 ஜூலையில் சியால்டா வரை வந்தது. மேற்குத் துண்டு, ஹூக்ளி ஆற்றின் அடியே போகும் ஹவுரா மைதானம் – எஸ்பிளனேடு பகுதி, 2024 மார்ச்சில் திறந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டரைக் கிலோமீட்டர் அளவில் ஓர் இடைவெளி. 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜார் அருகே சுரங்கம் தோண்டும் எந்திரம் நிலத்தடி நீர்த்தாரையைக் குத்திவிட, மேலே பழைய வீடுகள் சரிந்தன, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2022-இல் மீண்டும் இருமுறை விரிசல். இதற்கிடையில் மேற்குத் துண்டுக்கென்று பணிமனை கிடையாது. வண்டி பழுதுபார்க்கும் இடம் சால்ட் லேக்கில். ஆகவே 2023-இல், மின்சாரம் வராத ஒற்றைச் சுரங்கத்தின் வழியே மின்கல எஞ்சினால் பெட்டிகளை நகர்த்தி ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று இடைவெளி அடைந்து, ஹவுரா மைதானம் முதல் ஐந்தாம் செக்டர் வரை 16 கி.மீ. சொச்சம் ஒரே தடமானது. நாட்டின் மிகப் பரபரப்பான முனையங்களில் இரண்டான ஹவுராவும் சியால்டாவும் பத்துப் பன்னிரண்டு நிமிடத் தூரத்தில் வந்துவிட்டன. மேலே சாலையில் அதே தூரம் எவ்வளவு நேரம் என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. அந்த இடைவெளி இருந்தவரை இரு துண்டுகளுமே நகரத்துக்கு அரைகுறையாகவே பயன்பட்டன.

கொல்கத்தா பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் கடற்கரை நிலையத்தில் தோண்டவோ உடைக்கவோ எதுவும் இல்லை. இது தற்செயலாக அமைந்ததல்ல. பாதை அகலத்தில் பல காலம் நடந்த சண்டைக்குப் பின் கிடைத்தது. திருவாலங்காட்டுக்கு அடுத்த சந்திப்பான அரக்கோணம் அந்தச் சண்டையின் காட்சிக்கூடம். 1865-இல் அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே நிறுவனம் போட்ட பாதை மூன்றடி ஆறங்குல அகலம். பக்கத்திலேயே மெட்ராஸ் ரயில்வேயின் ஐந்தடி ஆறங்குலம். ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது. காஞ்சிபுரத்துச் சரக்கு அரக்கோணத்தில் இறங்கி மறுபடி ஏறியது. 1878-இல் அதை மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அப்போதும் அகலப் பாதையோடு ஒட்டவில்லை. அதே அரக்கோணத்திலிருந்து வடமேற்கே போன அகலப் பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையைத் தொட்டபோது சிக்கலே எழவில்லை. இரு நிறுவனங்களும் ஒரே அகலத்தில் போட்டிருந்தன. சென்னையும் பம்பாயும் இணைந்துவிட்டன. கடற்கரை – தாம்பரம் மின்சாரத் தடம் 1931 முதல் 2004 வரை மீட்டர் கேஜில்தான் மின்வண்டி ஓட்டியது. பறக்கும் ரயில் முதல் நாளிலிருந்தே அகலப் பாதையில் அமைந்ததால்தான் ராயபுரம் பக்கத்திலிருந்து வரும் வண்டி அதில் நேரே நுழைய முடிந்தது.

காஞ்சிபுரம் பாதை பின்னர் அகலமாகி, மின்கம்பியும் ஏறி, 2019-இல் வேறொரு இணைப்புக்கு வழிவிட்டது. கடற்கரையில் கிளம்பித் தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவாலங்காடு, திருவள்ளூர் வழியாகக் கடற்கரைக்கே திரும்பும் வட்ட ரயில் அது. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இந்தச் சுற்று வரைபடத்தில் அழகாக இருக்கிறது. நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளோடு அது ஒரு தடம் என்ற தகுதியை இன்னும் எட்டவில்லை. தண்டவாளம் சேர்ந்தால் மட்டும் போதாது. அடுத்த வண்டி எப்போது என்று யோசிக்காமல் நிலையத்துக்குப் போகும் நம்பிக்கை வராதவரை பயணி தன் வாழ்க்கையை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள மாட்டார்.

சென்னை மெட்ரோ இதை வேறு விதத்தில் கற்றுக்கொண்டது. 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் என்ற குறுந்துண்டும், 2016 செப்டம்பரில் விமான நிலையம் – சின்னமலை என்ற இன்னொரு துண்டும் திறந்தன. ஆலந்தூரில் இரண்டும் வெவ்வேறு தளங்களில் சந்தித்தன. தளங்களுக்கு இடையே வண்டி ஏறி இறங்கும் இணைப்புப் பாதை இருந்ததால் கோயம்பேட்டிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடி வண்டி சாத்தியமாயிற்று. பின்னர் தடம் சென்ட்ரல் வரை வந்தபோது விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு வழியாகச் சென்ட்ரலுக்கும் அப்படி வண்டிகள் ஓடின. வெறுமனே பணிமனைக்கு வண்டி கொண்டுபோகப் போட்ட பாதை என்று அதை ஒதுக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

பறக்கும் ரயிலின் தென்முனையில் கதை எதிர்மாறானது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-இல் தொடங்கியது. பெரும்பகுதி பாலம் எழும்பி நின்றபின், ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2022-இல்தான் அந்த இடைவெளியில் வேலை மறுபடி சூடுபிடித்தது. டெல்லி மெட்ரோவின் பிங்க் தடமும் திரிலோக்புரியில் இதே போலச் சில நூறு மீட்டருக்காக இரண்டு துண்டாக ஓடியது. வீடிழப்போருக்கு மாற்று இடம் தந்தபின் 2021 ஆகஸ்ட் 6 அன்று சேர்ந்தது. அங்கே இடைவெளி மூன்றாண்டுக்குள் அடைந்தது. இங்கே ஒரு தலைமுறை பள்ளி முடித்துவிடும் காலம் ஆயிற்று.

வடமுனையிலும் ஒரு முறிவு வந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை அமைக்க, 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று சொல்லப்பட்ட வேலை பதினான்கு மாதம் நீண்டு, 2024 அக்டோபர் 29 அன்று வண்டிகள் மறுபடி கடற்கரைக்கு வந்தன. நான்காவது பாதை தேவையானதுதான். நெடுந்தூர வண்டிகள் புறநகர்ப் பாதையை அடைத்துக்கொள்வதை அது குறைக்கும். ஆனால் அந்தப் பதினான்கு மாதங்களில் திருவள்ளூர் பக்கத்திலிருந்து தரமணிக்குப் போனவர்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நேரடி வண்டி என்ற பழக்கம் ஒருமுறை அறுந்தால் அது தானாக முளைக்காது.

இப்போது எழுந்திருக்கும் கேள்வி அதைவிடப் பெரிது. பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-இல் கொள்கையளவில் இசைந்திருக்கிறது. மெட்ரோ நிலையங்களின் தூய்மை, பாதுகாப்பு, நேரந்தவறாமை ஆகியவை பறக்கும் ரயிலுக்கு வரும் என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்த மாநில அரசுக்கு அந்தத் தடத்தின் மேல் உரிமையும் உண்டு. சிக்கல் கடற்கரை நிலையத்தில். அதுவரை தெற்கு ரயில்வே, அதற்கு மேல் மெட்ரோ என்று எல்லைக் கல் நட்டுவிட்டால், அதிக வேலையின்றிக் கிடைத்த இணைப்பு சத்தமில்லாமல் போய்விடும். மெட்ரோவின் மற்றத் தடங்கள் 1,435 மில்லிமீட்டர் அகலம். பறக்கும் ரயில் 1,676. மெட்ரோவோடு தண்டவாளத்தில் சேர முடியாத தடம் அது. சேரக்கூடியது மேற்குத் தடத்தோடுதான். நிர்வாகம் ஒருபுறமும் தண்டவாளம் மறுபுறமும் இழுக்கும் நிலை இது.

நிர்வாகம் இரண்டாக இருப்பதால் வண்டி நேராக ஓட முடியாது என்பதில்லை. டோக்கியோவில் 1960 டிசம்பரில் நகராட்சியின் அசகுசா சுரங்கத் தடமும் கெய்செய் என்ற தனியார் ரயில்வேயும் ஒருவர் பாதையில் மற்றவர் வண்டி ஓடத் தொடங்கின. அதற்காகக் கெய்செய் நிறுவனம் 1959-இல் தன் பாதை முழுவதையும் 1,372 மில்லிமீட்டரிலிருந்து 1,435-க்கு மாற்றியது. எவர் வண்டி எவர் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கிட்டு, இருவரும் ஏறக்குறைய சமமாக ஓடும்படி அட்டவணை போடுவது அங்கே நடைமுறை. பணம் கைமாறுவதைக் குறைக்க வண்டி ஓட்டத்தையே ஈடுகட்டிக்கொள்கிறார்கள். பாரிஸின் ஆர்.இ.ஆர். பி தடத்தில் வடபாதி தேசிய ரயில்வேக்கும் தென்பாதி நகரப் போக்குவரத்து நிறுவனத்துக்கும் சொந்தம். மின்னழுத்தமும் வேறு வேறு. இரு மின்சாரத்திலும் ஓடும் வண்டிகளை வாங்கி 1980-களில் இணைத்தார்கள். 2009 வரை வடக்கு நிலையத்தில் ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர் இறங்கி, மறு நிறுவனத்தின் ஓட்டுநர் ஏறுவார். இயங்கும் தடத்தின் நடுவில் அந்தச் சடங்கு கேலிக்கூத்தாகத் தெரியலாம். பயணிகள் இறங்க வேண்டியிருக்கவில்லை என்பதே முக்கியம்.

சென்னையில் இதற்கான கருவிகள் சிதறிக் கிடக்கின்றன. பயணச்சீட்டை ஒன்றாக்கும் வேலையைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலியின் மூலம் தொடங்கிவிட்டது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதில் சீட்டு எடுக்கலாம். குளிர்சாதன மின்சார வண்டிகள் பெரம்பூரிலேயே தயாராகின்றன. 2025 ஏப்ரல் முதல் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் ஒன்று ஓடுகிறது. பறக்கும் ரயிலுக்குப் புது வண்டி வாங்கும்போது மேற்குத் தடத்திலும் ஓடக்கூடிய அகலப் பாதை வண்டியாகவே கேட்டால், கூடுதல் செலவு என்று எதுவும் பெரிதாக இராது.

மறந்துவிடக் கூடாதவை சில சின்ன அளவுகள். நடைமேடையின் உயரத்தை மெட்ரோ வண்டிக்கு ஏற்பக் கூட்டினாலோ, அதன் கதவுகளுக்கு நேராகக் கண்ணாடித் தடுப்புக் கதவுகளைப் பொருத்தினாலோ, புறநகர் யூனிட் அந்த நிலையங்களில் இனி நிற்கவே முடியாது. சிக்னல் முறையை முழுதாக மெட்ரோ வகைக்கு மாற்றினால் ராயபுரம் பக்கத்திலிருந்து வரும் வண்டி அதற்கான கருவி இல்லாமல் கடற்கரையில் நின்றுவிடும். இவை ஒப்பந்தப்புள்ளியின் பின்னிணைப்பில் வரும் விவரங்கள். அமைச்சரவைக் குறிப்பிலோ பத்திரிகைச் செய்தியிலோ வருவதில்லை. போட்டபின் மாற்றுவது கட்டுப்படியாகாது என்பதால் முடிவு இப்போதே எடுக்கப்பட வேண்டும்.

ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் இதற்கு இடம் வேண்டும்: காலை மாலை நெரிசல் நேரத்தில் மணிக்கு இத்தனை வண்டிகள் கடற்கரையைத் தாண்டி இருபுறமும் நேரடியாக ஓடும் என்ற எண்ணிக்கை, அதற்குக் கடற்கரையில் ஒதுக்கும் நடைமேடைகள், தாமதம் நேர்ந்தால் எந்தக் கட்டுப்பாட்டு அறை முடிவெடுக்கும் என்ற வரையறை, திருவள்ளூர், அரக்கோணம் சீசன் டிக்கெட் வேளச்சேரி வரை செல்லும் என்ற உறுதி. மெட்ரோ கட்டண விகிதம் அப்படியே பறக்கும் ரயிலுக்கு வந்தால் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் அடிபடும். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை டிக்கெட்டுக்கு எண்ணி வைக்கிறவருக்கு, நேரடி வண்டி ஓடினாலும் அதில் ஏற முடியாமல் போகும். நியூயார்க்கில் ‘எம்’ தடத்துக்கு ஆரஞ்சு நிறம் தந்து வரைபடத்தில் ஏற்றியதுபோல, அரக்கோணம் – வேளச்சேரிக்கும் ஒரு பெயரும் நிறமும் எண்ணும் கொடுத்து, மணவூரிலும் திருவாலங்காட்டிலும் மோசூரிலும் நிலையப் பலகையில் அதன் நேரங்களை எழுதி வைப்பது இந்த வேலைகளில் செலவு மிகக் குறைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை காத்திராமல் தெற்கு ரயில்வே அதை நாளையே தொடங்கலாம்.